நான் பக்கம் திருப்பாத முதல் வரி

அன்புள்ள சாமுவேலுக்கு, அம்மா எழுதுவது.

எல்லார் முன்னாலும் உன் மானத்தை வாங்கிவிட்டேன், அதனால் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பெங்களூரிலிருந்து போனில் சத்தம் போட்டாய். நல்லது. எல்லார் முன்னாலும்தான் எழுதுகிறேன். தாளில் எழுதி முடித்ததும் பொன்மலர் டீச்சர் இதைத் தட்டச்சு செய்து எங்கள் வாசகர் குழுவில் போட்டுவிடுவார். ஆனால் தம்பி, இதில் மன்னிப்பைத் தேடி நேரத்தை வீணாக்காதே. எனக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. "பிள்ள ஆசப்பட்டு எழுதியிருக்கான், விட்ருடி" என்று உன் அப்பா காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார். விடக்கூடிய விஷயமாக இருந்தால் நானே விட்டிருப்பேன்.

குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள். திருநகரில் எங்கள் சபைப் பெண்களும் அக்கம்பக்கத்துப் பெண்களுமாகச் சேர்ந்து நடத்தும் குழு இது. நாங்கள் படிப்பது கிறிஸ்தவச் சரித்திர நாவல்கள். ரோமாபுரியில் ஒளிந்திருந்து ஜெபித்தவர்கள், கப்பலேறி வந்த மிஷனரிமார், பஞ்சத்துக்கு நடுவில் பள்ளிக்கூடம் கட்டியவர்கள் என்று எங்களுக்கு எல்லாக் கதையும் வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர் தான் படிக்கிற நாவலின் முதல் வரியை மட்டும் போடுவார். புத்தகத்தின் பெயரையோ எழுதியவர் பெயரையோ சொல்லக் கூடாது. மற்றவர்கள் 'திருப்புவேன்' அல்லது 'மூடுவேன்' என்று எழுதி, ஏன் என்றும் சொல்ல வேண்டும். சாயங்காலம்தான் பெயர் வெளியே வரும். தெரிந்தவர், பெரியவர் என்று தாட்சண்யம் பார்க்காமல் பேசத்தான் இந்த விதி. இதைக் குழுவுக்குக் கொண்டுவந்தது நான். எனக்கு அது எங்கிருந்து வந்தது என்று உனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் மேலூரில் நர்ஸாக இருந்த காலம் அது. பள்ளிக்கூடம் விட்டதும் நீ பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவாய். என் டியூட்டி முடிந்ததும் இரண்டு பேரும் நூலகத்துக்குப் போவோம். ஒரு அட்டைக்கு ஒரு புத்தகம்தான் கொடுப்பார்கள் என்பதால், எடுப்பதற்கு முன் நன்றாகப் பார்த்து எடுக்க வேண்டும். நீ அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி, முதல் வரியை உரக்க வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாய். "திருப்பவாம்மா?" என்பாய். நான் "திருப்பு" என்றால் அந்தப் புத்தகம் வீட்டுக்கு வரும், "மூடி வை" என்றால் அலமாரிக்குப் போகும். ஒருநாள் ஒரு ராஜா பட்டத்து யானை மேல் ஏறுகிற வரியை வாசித்தாய். மூடி வைக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டாய். "அந்த யானைக்குத் தீனி போட்டது யாருன்னு ஒரு வார்த்தை இல்லயே" என்றேன். அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்தை எடுத்தாலும், "யானைக்குத் தீனி போட்டவரு வாராராம்மா?" என்று கேட்டுக்கேட்டுச் சிரிப்பாய். நூலகர், "இது வாசகசாலையா, சந்தக்கடையா?" என்று அதட்டுவார். நாம் வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சிரித்துக்கொண்டே போவோம்.

அப்படி என்னோடு முதல் வரி வாசித்து வளர்ந்த பிள்ளை எழுதியதுதான் போன வெள்ளிக்கிழமை பொன்மலர் டீச்சர் போட்ட வரி. எனக்கு அது தெரியாது. வெளியீட்டு மேடையில் என் கையில் கொடுத்து என்னைத் திகைக்கவைக்க வேண்டும் என்று நீ புத்தகத்தையே என்னிடமிருந்து மறைத்துவைத்திருந்தாய். டீச்சருக்கு மட்டும் ஒரு பிரதி முன்கூட்டியே அனுப்பியிருக்கிறாய். அவரும் எனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்துப் போட்டிருக்கிறார். வரி இது: "வைகையின் வெள்ளிப் பிரவாகத்தில் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டிய அவ்வைகறையில், அரண்மனைப் பண்டிதர் திருவேங்கடநாதர் தம் முன்னோர் தந்த ஏடுகளை மூடிவைத்துவிட்டு, மெய்ப்பொருளைத் தேடிப் புறப்பட்டார்."

நான் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டு உடனே பதில் எழுதினேன். "மூடுவேன். இதை எழுதியவருக்கு வைகையில் தண்ணீர் ஓடுவதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவர் பார்த்ததில்லை. ஒருநாள்கூடப் பசியோடு விடியாத வீட்டில் வளர்ந்த பிள்ளை. பண்டிதர் மெய்ப்பொருளைத் தேடித் தாராளமாகப் போகட்டும், அவருக்கு மத்தியானச் சோறு கட்டிக் கொடுத்தது யார் என்று கண்டுபிடித்த பிறகு என்னைக் கூப்பிடுங்கள்." எல்லாரும் சிரிப்புப் பொம்மைகளாகப் போட்டுத் தள்ளினார்கள். பக்கத்துத் தெரு சரஸ்வதி, "அக்காகிட்ட மாட்டுனவரு செத்தாரு" என்று எழுதினாள். சாயங்காலம் டீச்சர் உன் பெயரைப் போட்டார். அட்டைப்படத்தையும் போட்டார். அதில் அரண்மனை, யானை, நட்டநடுவே பூப்போட்ட எழுத்தில் உன் பெயர்.  நான் எழுதியதை டீச்சர் உனக்கும் அனுப்பியிருப்பார் போல, நீ கூப்பிட்டாய்.

அதோடு போயிருந்தால் நானே மன்னிப்புக் கேட்டிருப்பேன். சொந்தப் பிள்ளை எழுதியது என்று தெரியாமல் வாயை விட்டுவிட்டேன், வைகையில் உன் விருப்பப்படி வெள்ளமே ஓடட்டும் என்று சொல்லியிருப்பேன். ஆனால் டீச்சர் முதல் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பியிருந்தாரே. 'எங்கள் குடும்பத்தின் முதல் விசுவாசியின் உண்மைக் கதை' என்று அதில் அச்சடித்திருக்கிறாய். எந்தக் குடும்பத்தின் உண்மைக் கதை, தம்பி? நம் குடும்பத்தில் எந்தப் பண்டிதர்? எந்த அரண்மனை? நம் ஆட்கள் அரண்மனையைப் பார்த்திருந்தால் மகால் வாசலில் டிக்கெட் எடுத்துத்தான் பார்த்திருப்பார்கள்.

போனில் நான் இதைக் கேட்டதும் நீ என்ன சொன்னாய் என்று அப்படியே எழுதுகிறேன், கூட்டிக் குறைத்துவிட்டேன் என்று சொல்லாதே. "அம்மா, நாவல்னா கற்பனதான? அதுவும் இல்லாம, சோத்துக்கு மதம் மாறினவய்ங்கன்னு இன்னைக்கும் என் போனுக்கே அனுப்புறாய்ங்கம்மா. ஆபீஸ்ல கூட இருக்கவன் சிரிச்சுக்கிட்டே கேக்குறான், உங்களுக்கு எம்புட்டு அரிசி குடுத்தாய்ங்கன்னு. அவய்ங்க கையில நாமளே கம்ப எடுத்துக் குடுக்கணுமா? படிச்ச மனுசன், யோசிச்சு வந்தான்னு எழுதுனா என்ன தப்பு?" இதைச் சொல்லும்போது உன் குரல் உடைந்தது. உன்னிடம் அப்படிக் கேட்டவன் மேல் எனக்கு வருகிற ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. எதிரே இருந்தால் அவனை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் அவன் கேட்டதற்காக நீ பேச்சியை வீட்டைவிட்டு அனுப்பியிருக்கக் கூடாது.

பேச்சி யார் என்று படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். என் அப்பாவின் தாத்தாவைப் பெற்றவள் பேச்சி. கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் வந்த தாது வருஷப் பஞ்சத்தில் புருஷன் செத்துப்போனான். கைக்குழந்தையோடு அவள் பெரிய வீடுகளின் கொல்லைப்புறத்தில் போய் நிற்பாள். அங்கே அவளுக்குப் பாத்திரத்தில் ஊற்ற மாட்டார்கள், அவள் தொட்ட பாத்திரத்தை அவர்கள் தொட மாட்டார்கள். இரண்டு கையையும் குவித்து வாய்க்கு நேரே வைத்துக்கொள்ள வேண்டும், தள்ளி நின்று உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். இடுப்பில் பிள்ளை இருந்தால் இரண்டு கையைக் குவிக்க முடியுமா? பிள்ளையைத் தரையில் இறக்கிவிட்டுத்தான் வாங்க வேண்டும். அது வெறும் மண்ணில் கிடந்து கத்தும். கஞ்சி விரல் இடுக்கில் ஒழுகிப் பாதி போய்விடும். பிறகு கொல்லைக் கதவையும் அடைத்துவிட்டார்கள். அப்போது பாதிரிமார் வைத்த கஞ்சித்தொட்டியைக் கேள்விப்பட்டு மேலூருக்கு நடந்தாள். அங்கே அவளை வரிசையில் உட்காரச் சொல்லி, ஒரு மண்சட்டியைக் கையில் கொடுத்து, அதில் கஞ்சி ஊற்றினார்கள். இதை என் அப்பாவுக்குச் சொன்னவர், அன்றைக்குப் பேச்சியின் இடுப்பில் இருந்த அந்தப் பிள்ளைதான். அவருக்கு அது அவருடைய அம்மா சொன்னது. எனக்கு அப்பா சொன்னார், உனக்கு நான் சொன்னேன். எந்த ஏட்டிலும் இல்லாததால் இது பொய்யாகிவிடாது.

மழை பெய்தது, தொட்டியை எடுத்துவிட்டார்கள். சாப்பிட வந்தவர்களில் பாதிப்பேர் ஊர் திரும்பிவிட்டார்கள். பேச்சி போகவில்லை. அப்பா இதை ஒவ்வொரு வருஷமும் கேட்பார்: "கஞ்சிக்கு வந்தவ, கஞ்சி நின்னபெறகும் ஏன் போகல?" பதிலை அவர் சொல்ல மாட்டார். நாங்களே கண்டுபிடிக்க வேண்டும் என்று விட்டுவிடுவார். அதனால்தான் சபையில் அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை அன்று எவ்வளவு பிரியாணி வெந்துகொண்டிருந்தாலும், நம் வீட்டில் எல்லாரும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, மண்சட்டியில் உப்புக் கஞ்சி குடித்துவிட்டுத்தான் இலை போடுவோம். வீட்டில் மூத்தவர் குனிந்து, சட்டியைத் தொட்டுக்கொண்டு ஊற்ற வேண்டும். நிமிர்ந்து நின்று ஊற்றினால் அப்பா அகப்பையைப் பிடுங்கிவிடுவார். நீ எட்டாவது படிக்கும்போது உன் சிநேகிதன் ஒருவன் பண்டிகைக்கு வந்திருந்தான். "என்னடா இது, தொட்டுக்க ஒண்ணுமில்ல?" என்று முகம் சுளித்தான். "எங்க பேச்சிக்குக் குடுத்த கஞ்சிடா இது, குடி" என்று அவனை அதட்டினாய். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்குப் பெருமை தாங்கவில்லை. காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன வருஷம் மட்டும் நெஞ்சு எரிகிறது என்று சொல்லிச் சட்டியைத் தள்ளிவைத்தாய். ஹாஸ்டலில் எவனோ என்னவோ சொல்லியிருக்கிறான் என்று இப்போது புரிகிறது.

உன்னோடு பேசிய மறுநாள் டீச்சரிடம் புத்தகத்தை வாங்கி முழுவதும் படித்தேன். கோபத்தோடுதான் எடுத்தேன், ஆனால் பஞ்ச காலத்துச் சந்தையையும் மாடு விற்கிற இடத்தையும் நீ எழுதியிருப்பதைப் படித்தபோது என்னையும் அறியாமல் பக்கம் திருப்பினேன். உனக்கு எழுத வருகிறது, அதை மறுக்க மாட்டேன். பிறகு அந்தக் கஞ்சி ஊற்றும் அத்தியாயம் வந்தது. உன் பண்டிதர் ஞானஸ்நானம் வாங்கியபின் ஏழைகளுக்கு இரங்கிக் கஞ்சி ஊற்றுகிறார். அங்கே ஒருத்தி வருகிறாள். 'கந்தல் உடுத்திய ஒரு பிச்சைக்காரி, குழந்தையைத் தரையில் கிடத்திவிட்டுக் கைகளை ஏந்தினாள். பண்டிதர் கருணை பொங்க அவள் கைகளில் கஞ்சியை வார்த்தார்.' அவளுக்குப் பெயர்கூட இல்லை. மூன்று வரியில் வந்துவிட்டுப் போய்விடுகிறாள்.

தம்பி, அவளை நான் அடையாளம் கண்டுகொள்ள மாட்டேன் என்று நினைத்தாயா? அவளை மறந்துவிட்டு எழுதியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். நீ மறக்கவில்லை. குழந்தையைத் தரையில் போட்ட விவரம் வரைக்கும் நினைவு வைத்திருக்கிறாய். நினைவு வைத்திருந்தும், அவளை நம் குடும்ப வரிசையிலிருந்து எடுத்து, முன்பின் தெரியாத ஒரு பண்டிதரின் வாசலில் நிறுத்திவிட்டாய். அவளுக்குக் கிடைத்த அந்தச் சட்டியையும் பிடுங்கிக்கொண்டாய். அந்தக் கொல்லைப்புறத்தில் அவளுக்கு எப்படி ஊற்றினார்களோ அப்படியே, நீயும் நிமிர்ந்து நின்று ஊற்றியிருக்கிறாய். கருணை பொங்கியதாம்! எனக்கு அந்த இடத்தில் புத்தகத்தை மூடக்கூடக் கை வரவில்லை, அழுகையாக வந்தது. உன் அப்பா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

சரஸ்வதி வந்தாள். அவள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள், தறிக்காரக் குடும்பம், எங்கள் சபையும் இல்லை. ஆனாலும் எங்களோடு எல்லா நாவலையும் படித்துவிட்டு எங்களைவிட அதிகமாகச் சண்டை போடுகிறவள். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "விடுங்கக்கா. எங்க ஆளுகளும் இப்பிடித்தான். எந்த வீட்டுக்குப் போனாலும் எங்க தாத்தா ராசாவுக்குப் பட்டு நெய்தாருன்னுதான் சொல்றாக. அம்புட்டுப் பேரும் ராசாவுக்கே நெய்தா, ஊருல இருந்தவுகளுக்கு வேட்டி நெய்தது யாருக்கா?" நான் அழுகையோடு சிரித்துவிட்டேன். யானைக்குத் தீனி போட்டவர் யார் என்று நாம் கேட்ட கேள்விதான் அது. நீ அதை மறந்துவிட்டாய், அவள் தானாகவே கேட்கிறாள்.

உன்னிடம் எவ்வளவு அரிசி கொடுத்தார்கள் என்று கேட்கிறானே, அவனுக்குப் பதில் சொல்லப் பண்டிதர் வேஷம் எதற்கு? ஒரு சட்டிக் கஞ்சி என்று சொல்லு. அன்றைக்குக் களஞ்சியத்தைப் பூட்டி வைத்தவர்கள் யார் என்று திருப்பிக் கேள். பசித்தவள் சாப்பிட்டாள், அதில் என்ன கேவலம்? சோறு இருந்தும் கதவை அடைத்தவன் தலைநிமிர்ந்து நடக்கிறான், பிள்ளையைக் காப்பாற்றியவளின் வம்சம் தலைகுனிய வேண்டுமா? நான் ஆஸ்பத்திரியில் எத்தனையோ பசித்தவர்களைப் பார்த்தவள். பசித்தவர்களுக்கு வயிறு மட்டும்தான் இருக்கிறது, மனசு கிடையாது என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பண்டிதருக்கு மட்டும் மெய்ப்பொருள், பேச்சிக்கு வெறும் கஞ்சியா? தன்னை மனுஷியாக உட்காரவைத்தவர்கள் கும்பிடும் சாமி யார் என்று பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காதா? அவள் யோசிக்கவில்லை என்று உனக்கு யார் சொன்னது? உன்னைக் கேலி செய்தவன்தான் அப்படிச் சொன்னான். நீ அவனுக்குப் பதில் எழுதுவதாக நினைத்துக்கொண்டு, அவன் சொன்னதை ஒத்துக்கொண்டு ஒரு புத்தகமே போட்டுவிட்டாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபை மண்டபத்தில் வெளியீடு. நான் மேடையேறி உன் முதல் வரியை வாசிக்க வேண்டும், அதற்கு முன் குழுவில் சமாதானமாக ஒரு வார்த்தை எழுத வேண்டும் என்பது உன் கட்டளை. அந்த வரியை வாசிக்க மாட்டேன். அதை என் வாயால் வாசித்தால், பேச்சி நம் வீட்டுப் பெண் இல்லை என்று ஊரைக் கூட்டிவைத்து நானே சொன்னதாக ஆகிவிடும். எனக்கு வயதாகிறது, மூட்டு ஒத்துழைக்கவில்லை. வருகிற அறுப்பின் பண்டிகைக்கு அகப்பையை உன் கையில் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். யாருடைய கஞ்சி என்று கேட்கிற குழந்தைகளுக்கு நீ என்ன சொல்லப்போகிறாய்? பண்டிதர் பெயரைச் சொல்வாயா?

உன் பண்டிதரை நான் கொல்லச் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு நாவலில் இருந்துகொள்ளட்டும். 'எங்கள் குடும்பத்தின் உண்மைக் கதை' என்ற அந்த வரியை மட்டும் எடுத்துவிடு. அச்சடித்தாகிவிட்டது என்றால் ஒவ்வொரு பிரதியாக உட்கார்ந்து மை தடவு, நானும் வந்து தடவுகிறேன். அல்லது அந்த வரியை வைத்துக்கொண்டு, உண்மைக் கதையை எழுது. வெளியீட்டுக்கு நான் வருவேன். பெற்ற பிள்ளையின் விசேஷத்துக்கு வராமல் எங்கே போவேன்? ஆனால் என் கையில் மைக்கைக் கொடுத்தால் நான் வாசிக்கப்போவது வேறு வரி. இந்த வெள்ளிக்கிழமை குழுவில் என் முறை, அதையே இங்கே போடுகிறேன். இந்த நாவலுக்கு இன்னும் பெயர் இல்லை, எழுதியவர் யார் என்றும் இன்னும் முடிவாகவில்லை. முதல் வரி மட்டும் இருக்கிறது:

"பேச்சி அன்றைக்குத்தான் முதல்முறையாக, பிள்ளையைக் கீழே இறக்காமல் கஞ்சி வாங்கினாள்."

குழுவில் உள்ளவர்கள் கொஞ்சம் பொறுத்திருங்கள். இதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவன் ஒருவன் இருக்கிறான்.

திருப்பவா, தம்பி?

அம்மா